பச்சை எத்தனை?

எங்கள் வீட்டில் பார்லி என்றால் கஞ்சித் தண்ணீர்தான். யாருக்காவது கால் வீங்கினாலும் நீர்க்கடுப்பு வந்தாலும் அம்மா மளிகைக் கடையில் நூறு கிராம் பார்லி அரிசி வாங்கிவரச் சொல்லுவார். அதைக் குழைய வேகவைத்து, தண்ணீரை இறுத்து, உப்புப் போட்டு டம்ளரில் நீட்டுவார். அது ஒரு பயிர், அதற்கும் வயல் உண்டு, கதிர் உண்டு என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் பிறந்தவளுக்குக் கதிர் என்றால் நெற்கதிர்.

பார்லி வயலை முதன்முதலில் பார்த்தது 2013 குளிர்காலத்தில், வடக்கே. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஹரியானா பக்கம் கோதுமைக்குப் பக்கத்திலேயே பார்லியும் போடுவார்கள். கதிரிலிருந்து நீளும் மீசைமுடி காற்றில் ஒரே பக்கமாகச் சாய, அதன்மேல் பனி நின்றிருந்தது. அந்தப் பயிரின் மகரந்தப்பையை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதிலிருந்து முழுச் செடி கொண்டுவருவதுதான் அடுத்த சில வருடங்களுக்கு என் வேலை. போனில் சொன்னபோது அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"மகரந்தத்துல இருந்து செடி வருதுன்ற, சரி. பச்சையா வருதா பாப்பா?"

அல்பினோ, அதாவது பச்சையமே இல்லாத வெள்ளைச் செடி, என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நாற்றங்காலில் வெளுத்துப்போன நாற்றைப் பார்த்துப் பழகியவர் என்பதால் அப்படிக் கேட்டிருக்கிறார். இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நெல் ரகங்களைக் கலப்புச் செய்தால் முதல் தலைமுறை ஒன்றுபோல இருக்கும். அதன் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று முன்னால் பூக்கும், ஒன்று பின்னால் பூக்கும். தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் போட்டு, குணம் மாறாத ரகமாக நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும். மகரந்தத்திலோ ஒரு தொகுதி குரோமோசோம்தான் உண்டு. பார்லிச் செடியின் செல்லில் 14, மகரந்தத்தில் 7. அந்த ஏழிலிருந்து செடியை எழுப்பி ஏழையும் இரட்டித்துவிட்டால் இரண்டு தொகுதியும் ஒன்றின் நகல். ஒரே தலைமுறையில் குணம் நிலைத்துவிடும். பார்லியில் இந்த இரட்டிப்பு பெரும்பாலான செடிகளில் தானாகவே நடந்துவிடும், இரட்டிக்க வைக்கும் கொல்கிசின் என்ற மருந்து தேவைப்படுவது குறைவு. கஞ்சிக்கு மட்டும் தெரிந்த பயிரை ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டாடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதன் தொடக்கம் நம் நாட்டில்தான் என்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனத்தின் மகரந்தப்பையைத் தட்டில் வைத்து வளர்த்தார்கள். உள்ளே குட்டிக் கருக்கள் இருந்தன. அவை மகரந்தத்திலிருந்தே வந்தவை என்பதை 1966இல் உறுதிசெய்தார்கள். நம் ஊர்க் குப்பைமேட்டில் முளைத்து, சிவன் கோயிலுக்கு மட்டும் பறித்துப் போகிற ஊமத்தையின் சொந்தக்காரச் செடி அது. ஆணின் பக்கமாக மட்டும் ஒரு செடி பிறக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தப் பூ. நெல்லில் அதை 1968இல் ஜப்பானில் செய்தார்கள். பார்லியிலும் 1970களின் தொடக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் மகரந்தப்பையை எடுத்து ஊட்டக் கூழில் வைத்தால் மட்டும் செடி வராது. அதற்கு முன்னால் சில நாள், சில வாரம் அதைக் கஷ்டப்படுத்த வேண்டும். அதைத்தான் முன்நேர்த்தி என்கிறோம். விதைக்கு விதைநேர்த்தி மாதிரி.

நுண்வித்து, அதாவது மகரந்தமாக மாறப்போகிற அந்தத் தனிச் செல், தன் வழியைப் பிறப்பிலேயே தெரிந்துவைத்திருக்கிறது. அது ஒரு பெரிய செல்லாகவும் ஒரு சின்ன செல்லாகவும் சமமில்லாமல் பிரிய வேண்டும். மாவுச்சத்தைச் சேர்த்து நிரம்ப வேண்டும். பூ விரியும்போது உதிர்ந்து சூல்முடியில் விழ வேண்டும். அந்த வழியிலேயே விட்டால் கருவும் இல்லை, செடியும் இல்லை. சரியான நேரத்தில் சோற்றை நிறுத்தினால், அல்லது குளிரில் போட்டால், அது திகைத்து நிற்கிறது. ஓரமாக ஒதுங்கியிருந்த உட்கரு நடுவுக்கு வருகிறது. பெரிய வெற்றிடமாக இருந்த நுண்குமிழ் உடைந்து, நடுவிலிருந்து ஓரம் வரை நட்சத்திரம்போல இழைகள் ஓடுகின்றன. பிறகு சமமாக இரண்டாகப் பிரிகிறது. அந்தச் சமமான பிரிவைப் பார்த்துவிட்டால், அது மகரந்தமாகும் வழியை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவிடம் இதை விளக்கியபோது, "காய்ச்சலும் பாய்ச்சலும்தானே" என்றார். நெல் வயலில் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்பு விடும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவார்கள். காய்ச்சலில் வேர் ஆழம் தேடும், பாய்ச்சலில் தூர் கட்டும். இரண்டும் ஒன்றல்ல. வேர் நீரைத் தேடுவது வேறு, ஒரு செல் தன் விதியையே மாற்றிக்கொள்வது வேறு. ஆனாலும் எத்தனை நாள் காயவிடுவது, எப்போது பாய்ச்சுவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஒரு நாள் குறைந்தால் செல் பழைய வழிக்கே போய்விடும். கூடினால் செத்துவிடும்.

பார்லியில் குளிர் முன்நேர்த்தி என்றால் 4 டிகிரியில் மூன்றிலிருந்து நான்கு வாரம். கதிர் இன்னும் உறைக்குள்ளேயே, தண்டு பருத்துப் பொதியாக இருக்கும்போது அறுக்க வேண்டும். கண்ணாடி இலையின், அதாவது கதிரை மூடியிருக்கும் கடைசி இலையின் கழுத்து, அதற்குக் கீழ் இலையின் கழுத்திலிருந்து எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று அளந்து பருவத்தைக் கணிப்போம். ஆனால் அளவை மட்டும் நம்ப முடியாது. ஒரு பூவை எடுத்துப் பிரித்தால் உள்ளே மூன்று மகரந்தப்பை. நெல்லில் ஆறு இருக்கும். அதில் ஒன்றைக் கண்ணாடி வில்லையில் வைத்து, அசிட்டோகார்மின் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேல்வில்லையைக் கட்டைவிரலால் அமுக்கி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நுண்வித்திலும் ஒரே ஒரு உட்கரு சிவப்பாக, துளைக்கு எதிர்ப்பக்கம் ஒட்டி நிற்கணும். அது சரியான பருவம். இரண்டு உட்கரு தெரிந்தால் அந்தக் கதிர் முற்றிவிட்டது, வைத்துப் பயனில்லை. பை வெளிர்பச்சையாக, கிட்டத்தட்டக் கண்ணாடிபோல இருக்கும். மஞ்சள் தட்டினால் நேரம் கடந்துவிட்டது. இதை எழுதும்போதே அந்தச் சாயத்தில் கலந்த அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு வாடை மூக்கில் ஏறுகிறது.

அறுத்த பொதியை ஆல்கஹாலில் துடைத்து, உறையைக் கீறிக் கதிரை வெளியே எடுத்து, பெட்ரி தட்டில் வைத்து, ஈரம் போகாமல் மூடி, அலுமினியத் தாளைச் சுற்றி ஃபிரிட்ஜுக்குள் வைப்போம். அதன் பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

குளிர் முன்நேர்த்தியை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பார்லி இல்லை. தானே புயல்.

2011இல் எம்.எஸ்சி. படிக்கும்போது கடலூர்ப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் நெல் மகரந்தப்பை வளர்த்துக்கொண்டிருந்தேன். நெல் வெப்பநாட்டுப் பயிர் என்பதால் 4 டிகிரி தாங்காது. 8 முதல் 10 டிகிரியில் ஒரு வாரம், பத்து நாள். டிசம்பர் கடைசியில் தாளடி பொதிகட்டி நின்றது. கதிர்களை வைத்து ஐந்தாவது நாள், டிசம்பர் 30 விடியற்காலையில், தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கடலூருக்குப் போக எனக்கு மூன்று நாள் ஆனது, பாதி வழி நடை. ஆய்வகத்துக் கதவைத் திறந்தபோதே வாடை வந்தது. ஃபிரிட்ஜுக்குள் தாளைப் பிரித்தால் கதிர்கள் பழுப்பாக, மேலே பஞ்சு மாதிரி பூஞ்சை. பையை அமுக்கினால் கூழாக வந்தது. வயலுக்குப் போய் வேறு கதிர் அறுக்கலாம் என்றால், வயலே தரையோடு படுத்துக் கிடந்தது. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது.

மரம் இழந்தவர்கள், வீடு இழந்தவர்கள் இருந்த ஊரில் நான் நாற்பது கதிருக்காக அழுதேன் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். அதற்குப் பிறகு எந்த ஃபிரிட்ஜையும் அதன் முகப்பில் காட்டும் எண்ணை நம்பி விட்டதில்லை. உள்ளே தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் ஒரு வெப்பமானியை நிறுத்தி, காலை மாலை நோட்டில் எழுதுவேன். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும் ஃபிரிட்ஜ்கள் உண்டு. பின்சுவரை ஒட்டி வைத்த தட்டு உறைந்துபோகும். "4 டிகிரியில் 28 நாள்" என்று கட்டுரையில் ஒரு வரியாக இருப்பது, ஃபிரிட்ஜுக்குள் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை.

வடக்கே போனபோதுதான் மானிட்டால் முறையைக் கற்றேன். மானிட்டால் நமக்குத் தெரியாத பொருள் இல்லை. தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அது தண்ணீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும். மகரந்தப்பைக்கும் அதே குணம்தான் உதவுகிறது. பார்க்கச் சர்க்கரை மாதிரி, ஆனால் நுண்வித்தால் அதைத் தின்று வாழ முடியாது. வெளியே அடர்த்தியாகக் கரைசல் இருக்கிறது, உள்ளே சோறு இல்லை. பட்டினியும் தாகமும் சேர்ந்து வருகிறது. இதில் பொதியைக் குளிரில் வைக்கத் தேவையில்லை. அறுத்த அன்றே பைகளைப் பிரித்து, 0.3 மோலார் மானிட்டாலில், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 55 கிராம், 25 டிகிரி அறையில் நான்கு நாள் வைத்தால் போதும். 0.7 மோலார் வரை ஏற்றி நல்ல விளைவு கண்டவர்களும் உண்டு. அது லிட்டருக்கு 127 கிராமுக்கு மேல்.

நாலு வாரம் எங்கே, நாலு நாள் எங்கே. முதல் முறை செய்தபோது எனக்கு நேரம் மிச்சமானது மட்டும் பெரிதாகத் தெரியவில்லை. கடலூரில் அந்த ஜனவரியில் என்னிடம் இது இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன். 25 டிகிரியை நம் ஊரில் காப்பதும் லேசு இல்லை, ஆனால் நான்கு நாளைக்கு ஒரு இன்வெர்ட்டரை நம்பலாம். ஒரு மாதத்துக்கு நம்ப முடியாது. எந்த முன்நேர்த்தி சிறந்தது என்று மாணவர்கள் கேட்கும்போது, உன் ஊரில் கரண்ட் எப்படி என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

நான்கு நாள் கழிந்து பைகள் ஊட்டக் கரைசலுக்குப் போகும். அங்கே சர்க்கரை முக்கியம். முன்பெல்லாம் சுக்ரோஸ் போட்டார்கள், கடையில் வாங்கும் சீனியின் வேதிப்பெயர் அது. 1980களின் இறுதியில் பார்லிக்கு மால்டோஸ் பல மடங்கு நல்லது என்று தெரிந்தது. சுக்ரோஸ் சட்டென்று உடைந்துவிடும், செல் ஒரே மூச்சில் தின்று, மூச்சுத் திணறும். மால்டோஸ் மெதுவாக உடைந்து மெதுவாக ஊட்டும். இன்று பலரும் பயன்படுத்தும் எஃப்.எச்.ஜி. என்ற வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 62 கிராம் மால்டோஸ். அம்மோனியம் நைட்ரேட்டைப் பத்தில் ஒரு பங்காக, 1650 மில்லிகிராமிலிருந்து 165க்குக் குறைத்து, நைட்ரஜனை குளூட்டமின் என்ற அமினோ அமிலம் வழியாகக் கொடுப்பார்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதலில் கஞ்சி கொடுப்பதுபோல.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

மூன்று நான்கு வாரத்தில் பையின் பிளவில் வெண்மணிகள் மாதிரி கருக்கள் தெரியும். அவற்றை எடுத்து மறுவளர்ச்சி ஊடகத்தில் வைத்து வெளிச்சத்தில் விட்டேன். என் முதல் தட்டில் ஒரு வாரத்தில் தளிர் வந்தது. அழகான, நிமிர்ந்த, இலையும் வேரும் விட்ட தளிர்கள். அத்தனையும் வெள்ளை. பால் வெள்ளை. அவற்றுக்குப் பச்சையம் கிடையாது. தட்டில் சர்க்கரை இருக்கும்வரை வளரும். மண்ணில் வைத்தால் சாகும். மூலையில் ஒரே ஒரு தளிரின் நுனியில் மட்டும் பச்சை. தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அது நிஜமாகவே பச்சைதானா, ஊடகத்தின் நிறமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வெள்ளை? பச்சையம் இருக்கும் கணிகங்களுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. பார்லியில் அது தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. மகரந்தம் எப்படியும் கணிகத்தைக் கொடுக்கப்போவதில்லை என்பதால், முதிர முதிர அந்த டி.என்.ஏ.வைக் கைவிடுகிறது. நாம் அந்த மகரந்தத்தைப் பிடித்துவந்து முழுச் செடியாக்கச் சொல்கிறோம். கைவிட்டதை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. பெண் பக்கம் இந்தத் துயரம் இல்லை. 1970இல் கனடாவில் காஷாவும் காவோவும் காட்டிய வழியில், பார்லிச் சூலை ஹார்டியம் பல்போசம் என்ற காட்டுச் சொந்தத்தின் மகரந்தத்தால் கருவுறச் செய்தால், காட்டின் குரோமோசோம்கள் தாமாக நீங்கிப் பார்லியின் ஏழு மட்டும் மிஞ்சும். அந்தச் செடிகள் பச்சையாகவே வரும். ஆனால் ஒரு பூவுக்கு ஒரு கரு, அதையும் கத்தியால் தோண்டி எடுத்துக் காப்பாற்ற வேண்டும். ஒரு மகரந்தப்பைக்குள் ஆயிரக்கணக்கில் நுண்வித்து இருக்கும்போது ஆணின் பக்கத்தை விட்டுவிட மனம் வராது.

ரகத்துக்கு ரகம் இது மாறும். இக்ரி என்ற ஜெர்மன் குளிர்காலப் பார்லி நல்ல பச்சை கொடுக்கும், அதனால் உலகம் முழுக்க அதை வைத்தே முறைகளைச் செப்பனிட்டார்கள். வசந்தகால ரகங்கள் பலவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை. இக்ரியில் வேலை செய்ததை அப்படியே நம் ரகத்தில் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். முன்நேர்த்தி இந்தக் கணக்கை ஓரளவு மாற்றும். பருவத்தைக் கொஞ்சம் முன்னால் பிடிப்பது, மானிட்டால் பட்டினி, கரைசலில் துளி மயில்துத்தம் சேர்ப்பது எல்லாம் பச்சையைக் கூட்டியிருக்கின்றன. போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு கரைக்கிற அதே மயில்துத்தம்தான், ஆனால் இங்கே லிட்டருக்குச் சில மில்லிகிராம். குளிரை நீட்டினால் காலஸ், அதாவது இன்னும் செடியாகாத செல் திரள், கூடும், பச்சை குறையும் என்பதும் நெல்லில் பலர் கண்டது.

இங்கேதான் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. ஒரு ஆய்வுக் கூட்டத்தில் என் முடிவுகளைக் காட்டியபோது, காலஸ் விகிதம் குறைவு என்று கடிந்துகொண்டார்கள். நீண்ட குளிரில் காலஸ் இரண்டு மடங்கு வந்ததே, அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார்கள். அந்தக் காலஸில் பச்சை எத்தனை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. காலஸ் வரைபடத்தில் நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விதை கொடுப்பது மண்ணில் நின்று கதிர் விடுகிற பச்சைச் செடி மட்டும்தான். நூறு மகரந்தப்பைக்கு எத்தனை பச்சைச் செடி என்பதைத் தவிர வேறு எண்ணை முதல் பக்கத்தில் போடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முன்நேர்த்தியை நீட்டுவதா சுருக்குவதா என்ற முடிவை அந்த எண் மட்டும்தான் எடுக்க வேண்டும்.

இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வேலை. பார்லி இல்லை, மறுபடி நெல். நம் இண்டிகா நெல் மகரந்தப்பை வளர்ப்பில் மிகவும் முரண்டு பிடிக்கும், ஜப்பானிகா சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் மானிட்டால் பட்டினி இண்டிகாவிலும் நுண்வித்தை எழுப்பும் என்று 1998இல் டெல்லியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. பிலிப்பைன்சில் இதே மகரந்தப்பை வழியில் உவர் தாங்கும் நெல் ரகம் 1990களில் வெளியானது. கிள்ளைப் பக்கம், பிச்சாவரம் பக்கம் 2004 சுனாமிக்குப் பிறகு வெள்ளை பூத்து நின்ற வயல்களைப் பார்த்தவளுக்கு அந்தச் செய்தி சாதாரணமாகத் தெரியாது. உவர் தாங்குவதையும் நம் ரகத்தின் அரிசியையும் ஒன்றுசேர்த்து, ஆறேழு வருடம் காத்திருக்காமல் நிலைக்கச் செய்ய முடியும் என்றால், அதற்காக எத்தனை பொதி வேண்டுமானாலும் கீறலாம்.

போன வாரம் அப்பா வயலிலிருந்தே பொதி அறுத்துவந்தேன். அவரே கண்ணாடி இலையைத் தடவிப் பார்த்து, இது இளசு, இது முத்தல் என்று பிரித்துக் கொடுத்தார். நுண்ணோக்கியில் சரிபார்த்தபோது, அவர் ஒதுக்கிய பத்தில் எட்டு சரியாக இருந்தது. பாதியை 10 டிகிரியிலும் பாதியை மானிட்டாலிலும் வைத்திருக்கிறேன். மானிட்டால் தட்டுகள் செவ்வாய்க்கிழமையே ஊடகத்துக்கு மாறிவிட்டன. ஃபிரிட்ஜில் இருப்பதற்கு நாளை எட்டாவது நாள். இன்று மாலை வெப்பமானியில் 10.5 இருந்தது, நோட்டில் எழுதிவிட்டு வந்தேன். வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று செய்தியில் சொன்னார்கள். அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டார்.